பதில் அமைச்சரின் நல்ல நேரம்

இந்தக் கதிரை எனக்கு உயரம். கால் நிலத்தில் முழுதாகப் படவில்லை, பெருவிரல் மட்டும் கம்பளத்தைத் தொட்டுத் தொட்டு வருகிறது, பள்ளிக்கூட வாங்கில் இருக்கிற முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. இதில் இருக்கிற அமைச்சர் குணாளன் ஆறடி ஆள். தன் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு மகளின் பட்டமளிப்பு என்று லண்டனுக்குப் போய்விட்டார். கீழே எங்கோ ஒரு விசை இருக்கும், அமத்தினால் இறங்கும், ஆனால் மனிதன் திரும்பி வரும்வரைக்கும் என்று அமைச்சராக வந்தவன் முதல் வேலையாகக் குனிந்து கதிரையின் அடியைத் தடவிக்கொண்டிருந்தால் வாசலில் நிற்கிற பியோன் என்ன நினைப்பான். இருக்கட்டும். எதிர்ச் சுவரில் மணிக்கூடு. அதன் கீழே நீளவாக்கில் மேசை, மேசையில் நடுவில் அந்தக் கோப்பு, கோப்புக்குள் ஒரேயொரு தாள், தாளின் அடியில் ஒரு கோடு, கோட்டின் கீழே என் பெயர், வை. பரஞ்சோதி, விவசாய நீர்ப்பாசனப் பதில் அமைச்சர். எப்போது அடித்தார்களோ. நான் ஆளுநர் முன்னால் சத்தியம் செய்யக் கையை உயர்த்திக்கொண்டு நின்றபோதே அடித்திருப்பார்கள். அமைச்சின் செயலாளர் கௌசலாதேவி கெட்டிக்காரி. "சேர், பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடியுது. அதுக்குப் பிறகு கடமையைப் பொறுப்பெடுக்கலாம், பால் எல்லாம் ஒழுங்கு செய்திருக்கிறம்" என்று சொல்லும்போது அவரது முகத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பிடிக்கிற ராகு எனக்குத் தெரியாததா. மனைவி லோகேஸ்வரி காலையிலேயே சொல்லிப்போட்டாள், "பன்னிரண்டு மணி வரைக்கும் பேனையைத் தொடாதேங்கோ, முதல் கையெழுத்து, பிழைச்சுப் போகும்" என்று. பக்கத்து அறையில் மின்னடுப்பில் பால் சூடாகிக்கொண்டிருக்கிறது, வாசம் இங்கே வருகிறது, நல்ல நேரத்துக்கு முதல் பொங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்பிள்ளைகள் கரண்டியோடு நிற்கிறார்கள்.

சிரிப்பு வருகிறது. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். ராகுவும் கேதுவும் வானத்தில் எங்கேயடா இருக்கு, காட்டு பாப்பம் என்று பிள்ளைகளைக் கேட்டுச் சிரிக்க வைத்தவன். இப்போது மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மழை விட்டிருக்கிறது. மூன்று நாள் விடாமல் அடித்த மழை விட்டதும் காதுக்குள் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது. மழை விட்டால் ஆறுதல் என்று நினைப்பது நம்முடைய பைத்தியம். காட்டில் விழுந்த தண்ணீர் இனித்தான் குளத்துக்கு வரும் என்று அந்தப் பொடியன் சொன்னான். பொடியன் என்று சொல்லக்கூடாது, பொறியியலாளர். நிமலன். காலையில் நான் இந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கும்போதே வாசலில் நின்றான், சப்பாத்து முழுக்கச் சேறு, கண் சிவந்திருந்தது. "சேர், நெடுவாகைக் குளம் அபாய அடியைக் கடந்திட்டுது. மிச்சத் தண்ணி போக வான்கதவைத் திறக்க வேணும், உத்தரவு அடிச்சு மேசையில இருக்கு. ஒரு கையெழுத்து மட்டும்." ஒரு கையெழுத்து மட்டும். எல்லாரும் எப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் வாயைத் திறக்கமுதல் கௌசலாதேவி, "அமைச்சர் இன்னும் கடமையைப் பொறுப்பெடுக்கயில்லை" என்றார். பொடியன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எப்ப எடுப்பார்?" "பன்னிரண்டுக்கு." அவன் கைமணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தான். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் நான் உள்ளே வந்து இந்தக் கதிரையில் ஏறிவிட்டேன்.

வாயால் சொன்னால் போதாதா என்று கேட்டேன், கேட்காமல் விடவில்லை. கதவுக்கு வெளியே அவனைக் கூப்பிட்டு, "நீர் திறவும் தம்பி, நான் பிறகு வைச்சுத் தாறன்" என்றேன். அவன் தலையை ஆட்டினான், முடியாது என்று. "போன முறை அப்பிடித்தான் சேர் சொன்னவை." போன மாரியில் இவனுக்கு முன்னிருந்த பொறியியலாளர், மேலிடத்தில் யாரோ வாயால் சொன்னதைக் கேட்டு வான்கதவைத் திறந்தார். தண்ணீர் பழைய ஆறு வழியாகப் பெரியவெளி வயலுக்குள் புகுந்து கதிர் எல்லாம் படுத்துவிட்டது. வயல் செய்கிற கமக்காரர் வந்து இந்தக் கட்டடத்தின் முன் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். வாயால் சொன்னவர் சொல்லவில்லை என்றார். பொறியியலாளரை வேலையால் நிறுத்தினார்கள், மனிதன் இன்னும் வீட்டில்தான். அதன் பிறகுதான் அந்த முடிவு. அமைச்சர் எழுத்தில் தராமல் யாரும் கதவைத் தொடக்கூடாது. அந்த முடிவு எடுத்த மாகாண சபைக் கூட்டத்தில் உறுப்பினராக நானும் இருந்தேன். மேசையில் தட்டி வரவேற்றேன். என் ஊர் பெரியவெளி. கை தட்டாமல் என்ன செய்வேன்.

இந்த மூன்றாவது மழைநாளில்தானா குணாளனின் மகளுக்குப் பட்டமளிப்பு. நான் அப்படி நினைக்கக்கூடாது, பட்டமளிப்பு எப்போதோ நாள் குறித்திருப்பார்கள். ஆனால் விமானச்சீட்டு? வானிலை ஆட்கள் தாழமுக்கம் என்று சொன்ன அடுத்த நாள்தானே முதலமைச்சர் தொலைபேசியில் எடுத்தார், "மாஸ்டர், குணாளன் வரும்வரைக்கும் நீங்கள் பதிலாக இருங்கோவன், பெரிசா ஒண்டும் இல்லை" என்று. பெரிசா ஒண்டும் இல்லை. முதலில் உறுப்பினர் செல்வநாயகியைக் கேட்டிருக்கிறார்கள், அவருக்கு முழங்கால் நோவாம். பிறகு அந்த மன்னார்ப் பக்கத்து உறுப்பினரை, அவருடைய மாமிக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியாம். கேட்ட எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. நான்தான் உடனே ஓம் என்றேன், லோகேஸ்வரி அயல் முழுக்க ஓடிச் சொன்னாள். பள்ளிக்கூடத்திலும் நான் இப்படித்தான், அதிபர் லீவில் போனால் பதில் அதிபர், பரீட்சை மேற்பார்வைக்கு வருகிறவர் வராவிட்டால் பதில் மேற்பார்வையாளர். யாருடைய இடத்திலும் இருத்தலாம், எழும்பு என்றால் எழும்பிவிடுவேன், அடம்பிடிக்க மாட்டேன், அதற்காகத்தான் என்னைப் பிடிக்கும் எல்லாருக்கும். இன்று காலை ஆளுநர் மாளிகையில் வேட்டி நுனி செருப்பில் சிக்கி நான் தடுமாறினேன். ஆளுநர் சிங்களத்தில் ஏதோ பகிடி சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என்ன பகிடி என்று இன்னும் தெரியாது. படம் எடுத்தார்கள். படத்தில் நான் சிரித்துக்கொண்டு இருப்பேன்.

தொலைபேசி. எடுக்க வேண்டாம். எடுத்தேன். கமக்கார அமைப்புத் தலைவர், எங்கள் ஊர் பஞ்சலிங்கம், என் மச்சாள்முறைக்காரியைக் கட்டியவர். "மாஸ்டர், வாழ்த்து. கேள்விப்பட்டன், சந்தோசம்." பிறகு ஒரு இருமல். "கதவு திறக்கிற கதையொண்டு அடிபடுது." "அப்பிடி ஒண்டும் முடிவெடுக்கேல்லை பஞ்சு." "எடுக்காதேங்கோ. இன்னும் இரண்டு கிழமையில அருவிவெட்டு, நெல்லு வீட்டுக்கு வரவேண்டிய நேரம். கடன் வேண்டி விதைச்ச சனம். கதவு திறந்தா நீங்கள் இஞ்ச ஊருக்குள்ள கால் வைக்கேலாது, சொல்லிப்போட்டன்." சொன்ன மனிதரின் குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. தேங்காய் விலை சொல்கிற மாதிரிச் சொன்னார். வைத்ததும் முதலமைச்சருக்கு எடுத்தேன். இரண்டு தரம் அடித்து நின்றது, மூன்றாம் தரம் எடுத்தார், பின்னால் தட்டு முட்டுச் சத்தம், சாப்பாட்டு மேசை போல. எல்லாவற்றையும் சொன்னேன். குளம், கதவு, வயல், குளக்கட்டின் கீழே இருக்கிற சனம். கேட்டுக்கொண்டிருந்தார். "ம். பார்த்துச் செய்யுங்கோ மாஸ்டர்." "என்னத்தைச் செய்யிறது சேர்?" "நீங்கள்தானே அமைச்சர்." வைத்துவிட்டார். பார்த்துச் செய்யுங்கோ. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், மணிக்கூட்டை. குணாளனுக்கு எடுத்தேன், லண்டனில் விடியப்போகிற நேரம், ஆள் நித்திரையாக இருப்பார், அல்லது எடுக்காமல் இருப்பார். இரண்டுக்கும் இங்கே கேட்கிற சத்தம் ஒன்றுதான்.

கட்டின் கீழே இருக்கிற சனம். அதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன், அதற்குள் போகாமல். குளக்கட்டின் வலது பக்கம் பழசு, அந்தக்காலத்து மண். அதன் அடியில் குடியிருப்பு. எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்த சனத்தைக் கொண்டுவந்து இருத்திய இடம். இருத்தியவர்களுக்கு வேறு இடம் தெரியவில்லையா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் வயலில் நாற்று நட அங்கேயிருந்துதான் வருவார்கள், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வருவோம், பின்னேரம் கொண்டுபோய் விடுவோம். வாக்கு? வாக்கு அவர்கள் வேறு கட்சிக்குத்தான் போடுகிறவர்கள். ஏன் இப்போது அது ஞாபகம் வருகிறது. ஞாபகம் வந்ததற்காக வெட்கமாக இருக்கிறது, உண்மையாகவே காது சுடுகிறது. கதவைத் திறந்தால் வயல் போகும், என் வயலும் சேர்த்துத்தான், திறக்காவிட்டால் கட்டு தாங்கினாலும் தாங்கும், தாங்காமல் விட்டாலும் விடும். தாங்கும் என்று சொல்ல எத்தனையோ பேர். போன வருடம் கூடத் தாங்கும் என்றுதான் சொன்னார்கள், அந்தப் பொறியியலாளர் மட்டும் தாங்காது என்றார், இன்றைக்குவரை யார் சரி என்று யாருக்கும் தெரியாது, கதவைத்தான் திறந்துவிட்டாரே. பயந்தவருக்கு வேலை போனது. அதுதான் இந்தப் பொடியனின் கண்ணில் இருக்கிறது.

சனத்தை அங்கிருந்து எழுப்பினால் என்ன. அதையும் கேட்டேன் கௌசலாதேவியிடம். "எழுப்புறதெண்டா பள்ளிக்கூடத்தைத் திறக்க வேணும் சேர், சமைச்ச சாப்பாடு குடுக்க வேணும், அதுக்கும் உங்கட ஒப்பம்தான். சும்மா வாயால சொல்லிச் சனத்தைக் கலைச்சு, பிறகு ஒண்டும் நடக்கயில்லை எண்டா பேப்பர்காரன் எழுதுவான், பதில் அமைச்சர் வந்த உடன பீதியைக் கிளப்பினவர் எண்டு. கிராம சேவகருக்குச் சொல்லியிருக்கு, கதவு திறபடும், பயப்பட வேண்டாம் எண்டு." கதவு திறபடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் சனம் வீட்டில்தான் இருக்கும். கதவு திறபடும் என்று நம்பிக்கொண்டு சட்டி பானையைக் கழுவிக்கொண்டிருக்கும். அவரிடம் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவர் என் தோளைப் பார்த்து, "சேர், சால்வை ஒருபக்கமாப் போயிட்டுது" என்றார். சரிசெய்தேன்.

சாரதி சந்தனத்தை நினைக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் வேறு எல்லாவற்றையும் நினைத்தேன். அமைச்சின் ஜீப்புக்குச் சாரதி, இன்று காலைதான் எனக்குத் தெரியும், முப்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் எண்ணெய் வழிய வாரியிருந்தான். ஆளுநர் மாளிகையிலிருந்து வரும் வழியில் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து வந்தான். கேட்கட்டுமா விடட்டுமா என்கிற பார்வை. கடைசியில் கேட்டான். "சேர், நம்ம குளத்துக் கதவு இன்னைக்குத் தொறந்துருவாங்களா?" "ஏன் கேக்கிறீர்?" "வீடு கட்டுக்குக் கீழதாங்க. சம்சாரமும் ரெண்டு புள்ளைகளும் இருக்காங்க. சின்னதுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல." நான் ஏதோ சொன்னேன், திறக்கிற ஒழுங்கு நடக்குது என்று. அவன் முகம் தெளிந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். இங்கே வந்து இறங்கியதும், "சேர், ஒருக்கா வீட்டுப்பக்கம் போய்ட்டு வந்துறட்டுங்களா, அரை மணியில வந்துருவேன்" என்றான். நான், இரும், வாகனம் தேவைப்படும் என்றேன். ஏன் சொன்னேன். வாகனம் தேவைப்படும் என்றுதான் நினைத்தேன், கையெழுத்து வைத்த கையோடு குளத்தடிக்குப் போக வேண்டி வரும் என்று நினைத்தேன், உண்மையாகத்தான் நினைத்தேன். அல்லது அமைச்சருக்கு வாசலில் வாகனம் நிற்க வேண்டும் என்று. "சரிங்க சேர்" என்றான், சிரித்த மாதிரித்தான் சொன்னான். இப்போது யன்னலால் எட்டிப் பார்த்தால் தெரிவான். எழும்பிப் பார்க்கவில்லை.

பேனையைக் கையில் எடுத்திருக்கிறேன். எப்போது எடுத்தேன். மூடியைக் கழற்றிவிட்டேன். லோகேஸ்வரி தொடாதேங்கோ என்றாள், தொட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இருபது நிமிஷம். இப்போது வைத்தால் என்ன. யார் என்ன சொல்வார்கள். கௌசலாதேவி புருவத்தைத் தூக்குவார். பக்கத்து அறைப் பெண்பிள்ளைகள் பால் பொங்கமுதல் வைச்சிட்டார் என்று தங்களுக்குள் சொல்வார்கள். பஞ்சலிங்கம் ராகு காலத்தில் வைத்தாலும் நல்ல நேரத்தில் வைத்தாலும் ஊருக்குள் விடமாட்டார். அப்படியானால் நான் எதற்குக் காத்திருக்கிறேன். சொல்லடா பரஞ்சோதி, வகுப்பில் கேட்டாயே, ராகு எங்கே இருக்கு, காட்டு. ராகு இல்லை. ராகு காலம் இல்லாவிட்டால் எனக்கு இப்போது வேறு ஏதாவது இருந்திருக்கும், அட்டமி நவமி, அல்லது தலைவலி, அல்லது சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். பன்னிரண்டு மணிக்குள் வானம் வெளித்து, தண்ணீர் தானாக வடிந்து, பொடியன் ஓடிவந்து இனிப் பயமில்லை சேர் என்று சொல்வான் என்று இருக்கிறேன். அதுதான். வயலும் போகாமல், கட்டும் போகாமல், நான் ஒன்றுமே செய்யாமல் குணாளன் வரும்வரைக்கும் இருந்துவிட்டு இறங்கிப் போக வேண்டும். எனக்குப் பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம். பொடியன் வெளியே நடக்கிறான், சப்பாத்துச் சேறு காய்ந்து நிலத்தில் கரகரக்கிற சத்தம் கேட்கிறது, விறாந்தையின் அந்தத் தலைக்குப் போய் இந்தத் தலைக்கு வருகிறான். வை. வைத்துவிடு. வை என்ற எழுத்தை மட்டும் எழுது, மற்றது தானாக வரும். பேனை தாளைத் தொடுகிறது, ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் மை கொஞ்சம் ஊறி அகலமாகிறது. இன்னும் பதினைந்து நிமிஷம்தானே. இவ்வளவு நேரம் தாங்கிய கட்டு பதினைந்து நிமிஷம் தாங்காதா. பால் வாசம் கூடுகிறது, ஒரு பிள்ளை சிரிக்கிறாள், "ஐயோ பொங்கப்போகுதடி, குறை, குறை" என்கிறாள். காலடிச் சத்தம் நின்றுவிட்டது. ஏன் நின்றது. களைத்து இருந்துவிட்டானாக்கும். யாரோடோ கதைக்கிறான், கைத்தொலைபேசியில், குரல் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. பிறகு குரலும் இல்லை. மணிக்கூட்டு முள் பன்னிரண்டுக்குக் கிட்டப் போய்விட்டது, நான் பார்க்காத நேரத்தில்தான் அது ஓடுகிறது. இனி வைக்கலாம். குனிந்தேன்.

கதவு தட்டாமல் திறந்தது. நிமலன். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இனித் தேவையில்லை சேர்" என்றான். எனக்கு ஒரு கணம் சந்தோசம் வந்தது. வந்ததுதான், மறைக்க மாட்டேன், அப்பாடா என்று நெஞ்சு இறங்கியது, நான் நினைத்தபடியே வடிந்துவிட்டது என்று. பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன். "வலது பக்கம்" என்றான். "இப்ப, கொஞ்சம் முன்னம். கட்டுக் காவலாளி எடுத்தவர். உடைப்பு ஒரு வண்டி அகலத்தில தொடங்கினதாம்." "ஆக்கள்?" என்று கேட்டேன், கேட்டது நான்தானா தெரியாது. "தெரியாது சேர். காவலாளிக்கு வீடொண்டும் தெரியேல்லையாம்." கௌசலாதேவி அவனுக்குப் பின்னால் வந்து நின்றார். எப்போதிருந்து நின்றாரோ. அவர் பக்கத்து அறையைத் திரும்பிப் பார்த்து, "பிள்ளையள், அடுப்பை நிப்பாட்டுங்கோ" என்றார். அவ்வளவுதான். யாரும் என்னைத் திட்டவில்லை. யாராவது ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

படியால் இறங்கினேன். யாரும் சொல்லவில்லை இறங்கச் சொல்லி, ஆனால் அந்த அறையில் இருக்க முடியவில்லை, குளத்தடிக்குப் போக வேண்டும், போய் என்ன செய்வது, போகத்தான் வேண்டும். சால்வை கைப்பிடியில் மாட்டி இழுபட்டது, விட்டுவிட்டு இறங்கினேன். வாசலில் ஜீப். சந்தனம் என்னைக் கண்டதும் ஓடிவந்து பின்கதவைத் திறந்துபிடித்தான். அவனுக்கு இன்னும் தெரியாது. கட்டடத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, வாசலுக்கு இன்னும் வரவில்லை. வெளியே வெயில் எறித்தது, நல்ல பளிச்சென்ற வெயில், நிலத்தில் ஆவி எழும்பியது. என் முகத்தைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். "சேர்" என்றான், "கையெழுத்து வச்சிட்டீங்களா சேர்?"

சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். "ஓம்" என்றேன். "வைச்சாச்சு."

அவன் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டான், என்னைத்தான், இந்த என்னை. "நீங்க நல்லாருக்கணும் சேர். காலையிலருந்து அவ பயந்துக்கிட்டே கெடக்குறா. பொறப்படுறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம், பயப்புடாதடி, சேர் வச்சிட்டாருன்னு சொல்லிடுறேன்" என்று கைத்தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தான். சத்தம் எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். மணி போய்க்கொண்டே இருந்தது. "சமையக்கட்டுல இருப்பா" என்றான். நான் ஜீப்பில் ஏறாமல், அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.